சித்துங்குக்குச் சொந்தக்காரி

பாண்டுங்
12 ஆகஸ்ட் 1993

தங்கச்சி லெலாவுக்கு,

ஸலாம். அக்கா உசுரோடதான் இருக்கேன். முழங்கால் மட்டும் மழை வந்தா எனக்கு முன்னாடியே அழுவுது. நீயும் யோலாவும் மாப்பிள்ளையும் சுகமா? உன் இருமல் நின்னுச்சா, இல்ல அந்த பாலிக்பாப்பான் புகையில இன்னும் லொக்கு லொக்குன்னு கிடக்கிறியா?

போட்டோ வந்துச்சு. மூணு பேரும் கடை முன்னாடி நின்னு பல்லைக் காட்டுறீங்க. தலைக்கு மேல பெரிய சிவப்பு போர்டு: வர்லா சாப்பாட்டுக் கடை. ரெண்டு நாள் அந்த போட்டோவைக் கல்லாப் பக்கம் வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டினேன். தையல் ஆலைப் பொண்ணுங்க வந்து, "வர்லான்னா என்னக்கா?"ன்னு கேட்டாளுங்க. வர்தோயோவோட 'வர்', லெலாவோட 'லா'ன்னு சொன்னேன். "ஐயோ, எவ்வளவு ஆசை!"ன்னு ஒருத்தி கன்னத்துல கை வச்சா. நான் சொன்னேன், ஆசை என்னடி ஆசை, அவன் பேர்ல தலையை எடுத்துக்கிட்டான், என் தங்கச்சி பேர்ல வாலைத்தான் ஒட்டவச்சிருக்கான்னு. கோவிச்சுக்காதே. உண்மையைத்தானே சொன்னேன்?

நம்ம ஆளுங்களுக்கு எதையும் முழுசா வாயில வச்சுக்கப் பொறுமை கிடையாது. வாடகை போன் கடையை வார்தெல் ஆக்கிட்டாங்க, ஊர்க்காவல்காரனை ஹான்சிப் ஆக்கிட்டாங்க, ஓட்டை வேனை அங்கோட் ஆக்கிட்டாங்க. புருஷன் பொண்டாட்டியா சேர்ந்துட்டா உடனே ரெண்டு பேரையும் நறுக்கி ஒண்ணாக் கட்டி வாசல்ல தொங்கவிட்டுடறாங்க. கடைக்கு ஒண்ணு, பைக்குக்கு ஒண்ணு, பிள்ளைக்கு ஒண்ணு. உங்க பிள்ளைக்கும் வர்தோயோல 'யோ', லெலால 'லா'. கட்டறதுக்கு ஆள் இல்லாதவ என்ன பண்ணுவா? என் கடையில போர்டே கிடையாது. நான் சுடுற பலகாரத்தோட பேரை வச்சு 'சித்துங் அக்கா'ன்னு கூப்பிடுறாங்க. கோகோம்னு ஒரு பேர் இருக்கிறது ரேஷன் ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியும்.

சரி, புலம்பல் போதும். மாப்பிள்ளை எப்பவும் கடிதத்துக் கீழ ரெண்டு வரி கிறுக்குவாரே, இந்தத் தடவை அதைக் காணோம். கை வலியோ?

இப்படிக்கு,
உன் அக்கா கோகோம்


பாலிக்பாப்பான்
20 செப்டம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நாங்க நல்லா இருக்கோம். இருமல் பரவாயில்லை. உன் முழங்காலுக்குச் சுடு தண்ணி ஒத்தடம் கொடு, வெறும் தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு உட்காராதே.

பதில் எழுத நாளாயிடுச்சு. அவருக்கு வேலை வேலைன்னு நேரமே இல்லை. கடையிலயும் நான் ஒருத்தியா நிக்க வேண்டியிருக்கு. அதனால சோறு போடுறதை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன் அக்கா. விடியக்காலையில சந்தைக்குப் போய் மீன் தூக்கிட்டு வர்றது எனக்கு முடியலை. ஒரு அடுப்பு, ஒரு சட்டி, சின்னதா ஏதாவது போட்டா போதும்.

உன் சித்துங்குக்கு வேர்க்கடலைச் சட்னி அரைப்பியே, அதுல கச்சோலக் கிழங்கு எவ்வளவு போடுவே? நான் அரைச்சா கசக்குது. மாவுக்குத் தண்ணி கொதிக்கக் கொதிக்க ஊத்தணுமா, ஆறவிட்டு ஊத்தணுமா? எழுது.

யோலா பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சுட்டா. பெரியம்மாவுக்கு முத்தம்னு சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
லெலா


பாண்டுங்
3 அக்டோபர் 1993

லெலாவுக்கு,

ஸலாம். ஒத்தடம் கொடுத்தேன். கொடுக்கிற நேரம் நல்லா இருந்துச்சு.

தண்ணி கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்தணும். கை வெந்தா வேகட்டும். கச்சோலம் கட்டை விரல் நுனி அளவு போதும், நீ முழுக் கிழங்கையும் போட்டிருப்பே. சின்ன வயசுலயே உனக்கு அளவு தெரியாது. புளியைக் கடைசியில கரைச்சு விடு. முக்கியமா, ஒரு பக்கம் கருக விடணும். பொன்னிறமா எடுத்தா அது சித்துங் கிடையாது, ஊர்ல எல்லாரும் போடுற வெறும் மாவு வடை.

மாப்பிள்ளைக்குத் திடீர்னு பாண்டுங் ருசி ஞாபகம் வந்திருக்கும், அதானே? இங்கே இருந்தப்போ ஒரே மூச்சுல ரெண்டு தட்டு காலி பண்ணுவார். காரம் கொஞ்சம் தூக்கலா வேணும். வெள்ளரிக்காயை வட்டமா நறுக்கினா தொடமாட்டார், நீளமா நறுக்கணும். உனக்குத் தெரியாததா? பொண்டாட்டி நீ.

அது பொறந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கா? ஒரு மத்தியானம் நான் எண்ணெயில மாவைப் போட்டுட்டுப் பராக்கு பார்த்துட்டேன். எடுத்துப் பார்த்தா ஒரு பக்கம் கரி. கொட்டப் போனேன். வர்தோயோ, "கொட்டாதீங்க, கொடுங்க"ன்னு வாங்கிக் கடிச்சுட்டு, "இதென்ன பலகாரம்?"னு கேட்டார். நான் சொன்னேன், ஆச்சி துத்துங். மரவள்ளி மாவு ஆச்சி, கருகினது துத்துங். ரெண்டோட வாலையும் பிடிச்சு முடிச்சுப் போட்டு, சித்துங்னு அப்பவே பேரும் வச்சேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சீங்க. மறுநாள் ஆலைப் பொண்ணுங்க வந்து, "சித்துங் இருக்கா?"ன்னு கேட்டாளுங்க. அன்னைக்கு நான் பட்ட பெருமை, பிள்ளை பெத்தவ கூடப் பட்டிருக்க மாட்டா.

வீட்டுல செஞ்சு போடு. மாப்பிள்ளை என்ன சொன்னார்னு மறக்காம எழுது.

அக்கா கோகோம்


பாண்டுங்
2 நவம்பர் 1993

லெலா,

ஸலாம்னு எழுதக்கூட மனசு வரலை. எழுதலைன்னா பாவம், அதுக்காக எழுதிட்டேன்.

ஆசெங் வந்திருந்தான். நம்ம சித்தப்பா மகன்தான், உங்க ஊர் எண்ணெய்க் கம்பெனியில வேலை பார்க்கிறவன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு வாரம் லீவுல வந்தான். என் கடையில உட்கார்ந்து, என் சித்துங்கைத் தின்னுக்கிட்டே சொல்றான்: "லெலா அக்கா கடையிலயும் இதேதான் கோகோம் அக்கா. வர்லா போர்டைக் கழட்டிட்டாங்க. இப்போ 'அசல் சித்துங்'னு புது போர்டு. செம கூட்டம்."

அசல்!

அடியே, அசல் இங்கே உட்கார்ந்து எண்ணெய்ப் புகையில கண்ணு எரிஞ்சுக்கிட்டு இருக்கேன். நீ யாரு? சட்னிக்கு அளவு கேட்டப்போ வீட்டுக்குன்னுதானே நினைச்சேன்? நைசா என்கிட்டயே வாங்கி, எனக்கே ஆப்பு வச்சிருக்கே. கை வேகக் கிளறினது நான், கருக விட்டது நான், பேர் வச்சது நான். போர்டு மட்டும் உனக்கா?

மாப்பிள்ளை என்ன சொன்னார்னு ஆசெங்கைக் கேட்டேன். "அவர் வெளியூர் வேலையில இருக்கார்"னு சொல்லிட்டு இன்னொரு தட்டு கேட்டான். அவருமா இதுக்கு உடந்தை? அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாதா?

உனக்கு என்னதான் குறைச்சல்? புருஷன் இருக்கான். பிள்ளை இருக்கு. உங்க ரெண்டு பேர் பேரையும் சேர்த்து ஆளுயரத்துக்கு போர்டு இருந்துச்சு. எனக்குன்னு இருந்தது இந்த ஒரு பேர்தான். அதுவும் கருகின மாவோட பேர். அதையும் உன்னால விட்டு வைக்க முடியலை பாரு.

வயிறு எரியுதுடி. அந்த போர்டைக் கழட்டு. கழட்டினேன்னு எழுது. இல்லைன்னா எனக்குத் தங்கச்சியே இல்லைன்னு நினைச்சுக்கிறேன்.

கோகோம்


பாலிக்பாப்பான்
28 நவம்பர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கு? கோபத்துல பிரஷர் ஏறியிருக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரி புஸ்கெஸ்மாஸ்ல போய் ஒரு தடவை பார்த்துக்கோ, அங்கே டாக்டரம்மா காசு வாங்கமாட்டாங்களே.

போர்டைக் கழட்டிட்டேன். நேத்துச் சாயங்காலம் நானே ஏறிக் கழட்டினேன். சித்துங் போடுறதையும் நிறுத்திட்டேன். உன்னைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கணும். தப்புதான்.

பழைய போர்டுல பெயின்ட் உதிர்ந்து போயிருந்துச்சு. அதான் மாத்தினேன். வேற ஒண்ணுமில்லை.

யோலா நல்லா இருக்கா.

லெலா


பாண்டுங்
15 டிசம்பர் 1993

லெலாவுக்கு,

ஸலாம். புஸ்கெஸ்மாஸ் போனேன். பிரஷர் ஏறித்தான் இருக்காம். மாத்திரை கொடுத்தாங்க, உப்பைக் குறைக்கச் சொன்னாங்க, கருவாட்டை விடச் சொன்னாங்க. உன்னை விடச் சொன்னா சுலபமா இருந்திருக்கும்.

போர்டைக் கழட்டிட்டேன்னு எழுதியிருக்கே. சந்தோஷம்னு எழுத உட்கார்ந்தேன், எழுத வரலை. நீ திருப்பிச் சண்டை போடுவேன்னு நினைச்சேன். பதிலுக்குப் பதில் நாலு வார்த்தை வச்சிருந்தேன், எல்லாம் வீணாப் போச்சு. இப்படிப் பொசுக்குன்னு சரின்னு சொல்றவளா நீ? சின்ன வயசுல ஒரு ரிப்பனுக்கு என் முடியைப் பிடிச்சு இழுத்தவ.

ஒண்ணு கேக்கிறேன். பெயின்ட் உதிர்ந்தா பெயின்ட் அடிக்க வேண்டியதுதானே? போட்டோவுல பளபளன்னு இருந்த போர்டு ரெண்டு மாசத்துல எப்படி உதிரும்? சரி, இப்போதான் சித்துங் வேண்டாம்னு ஆயிடுச்சே, வர்லாவையே திரும்ப மாட்ட வேண்டியதுதானே? இல்ல, அது உனக்குச் சின்னதாப் போயிடுச்சா? புருஷன் பேர்ல பாதி கிடைக்கிறதுக்கே கொடுத்து வச்சிருக்கணும்டி. நான் கோகோம். தலையை நறுக்கினாலும் கோ, வாலை நறுக்கினாலும் கோம். கூட ஒட்ட ஒரு எழுத்து வரலை.

மாப்பிள்ளைகிட்ட கொடு, ரெண்டு வரி எழுதட்டும். அவர்மேல எனக்குக் கோபமில்லை.

கோகோம்


பாலிக்பாப்பான்
8 மார்ச் 1994

(பெருநாள் வாழ்த்து அட்டை. முன்பக்கம் பள்ளிவாசல் படம். உள்ளே அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே பேனாவால் எழுதியது.)

அக்கா,

நோன்பெல்லாம் நல்லபடியா போகுதா? பிரஷர் மாத்திரையை விடியுமுன்ன ஸஹர் நேரத்துலயே போட்டுக்கோ. இத்தனை நாள் எழுதாததுக்கும், தெரிஞ்சு செஞ்சதுக்கும், தெரியாம செஞ்சதுக்கும் மன்னிச்சுடு.

லெலா
யோலா


பாண்டுங்
20 மார்ச் 1994

லெலா,

ஸலாம். பெருநாள் முடிஞ்சுது. உன் அட்டை பெருநாளுக்கு முந்தின நாளே வந்துச்சு. கீழே ரெண்டு பேர் மட்டும் இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டு, மாப்பிள்ளைக்கு இன்னும் வீராப்பு தீரலைன்னுதான் நினைச்சேன். புத்தி அவ்வளவுதான் வேலை செஞ்சுது.

ஆசெங் பெருநாள் லீவுக்கு வந்தான். "வர்தோயோ மச்சான் இன்னும் வெளியூர்லதானா?"ன்னு கேட்டேன். இந்தத் தடவையும் இன்னொரு தட்டு கேட்டான். மடக்கி மடக்கிக் கேட்டேன். கடைசியில கக்கிட்டான். அந்த ஆள் போன வருஷம் ஆகஸ்ட் கடைசியிலயே சமாரிண்டாவுக்குப் போயிட்டானாம். அவன் கம்பெனி கேன்டீன்ல சமைக்கிற பொம்பளையோட. அங்கே அவளுக்கும் ஒரு கடை வச்சுக் கொடுத்திருக்கானாம். அதுக்கும் ரெண்டு பேர் பேரையும் சேர்த்து ஒரு போர்டாம்.

போன தடவை வந்தப்பவே அவனுக்குத் தெரியும். நீதான் சத்தியம் வாங்கியிருக்கே, கோகோம் அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு. மட்டும்! நம்ம சித்திக்குத் தெரியும், ஆசெங் பொண்டாட்டிக்குத் தெரியும், பாலிக்பாப்பான் துறைமுகத்துக்கே தெரியும்.

நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இந்தக் கடிதத்தை ஒட்ட முடியாது.

அதைக் கேட்டதும் எனக்கு முதல்ல வந்தது அழுகை இல்லை. சந்தோஷம். அல்லா என்னை மன்னிக்கட்டும். நெஞ்சுக்குள்ள குளுகுளுன்னு வந்துச்சு. ஒரு வருஷம் தினம் மத்தியானம் என் கடையில வந்து உட்கார்ந்தான். எனக்காகத்தான் வர்றான்னு நினைச்சேன். பராக்கு பார்த்து மாவைக் கருக விட்டேன்னு எழுதினேனே, பார்த்தது அவனைத்தான். அப்புறம் ஒரு நாள், "உங்க தங்கச்சியைக் கட்டிக்கிறேன், நீங்கதான் பேசி முடிக்கணும்"னு என்கிட்டயே கேட்டான். பேசி முடிச்சேன். உன் தலையில மல்லிகைச் சரம் வச்சதும் இந்தக் கைதான். ஏழு வருஷமா நீ அனுப்புற ஒவ்வொரு போட்டோவையும் பார்த்து வெந்திருக்கேன்.

அந்தக் குளுமை ஒரு சட்டி எண்ணெய் காயுற நேரம்தான் இருந்துச்சு. அப்புறம் நீ ஒருத்தியா ஏணி போட்டு ஏறி போர்டைக் கழட்டுறது கண்ணுல வந்துச்சு. கழட்டச் சொன்னவ நான். அவன் பேர் எழுத்துக்குக் கீழ உட்கார முடியாமத்தான் நீ அதை மாத்தியிருக்கே. நான் அதையும் பிடுங்கிட்டேன். அடுப்பை அணைச்சுட்டுக் கடையை மூடிட்டேன். நல்ல வியாபார நேரத்துல என் கடை மூடி ஆலைப் பொண்ணுங்க பார்த்ததே இல்லை. "யாரு செத்தது?"ன்னு கேட்டாளுங்க.

சித்துங்னே மறுபடி எழுதி மாட்டு. அசல்னும் போட்டுக்கோ, பெருசாவே போடு. ஆனா ஏன்டி என்கிட்ட மட்டும் சொல்லலை?

அக்கா


பாலிக்பாப்பான்
10 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் பிரஷரை நினைச்சுப் பயமா இருக்கு. மாத்திரையை விடாதே. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. இருமல் கூட நின்னுடுச்சு. அவர் சிகரெட்தான் காரணமோ என்னவோ.

ஏன் சொல்லலைன்னு கேட்டிருக்கே. பதிலை நீயே மேலே எழுதிட்டு, கீழே ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல? நீ சந்தோஷப்படுவேன்னு எனக்குத் தெரியும் அக்கா. அதான் சொல்லலை. ஊர்ல யார் சிரிச்சாலும் தாங்கிப்பேன். நீ ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாலும் என்னால தாங்க முடியாதுன்னு நினைச்சேன். இப்போ படிச்சாச்சு. தாங்கிட்டேன். ரெண்டு நாள் சாப்பிடலை, அவ்வளவுதான்.

நீ அவரைப் பார்த்தது எனக்கு அப்பவே தெரியும். எனக்கு உன்னைப் பார்த்துத்தான் பொறாமை. ஆலைப் பொண்ணுங்க, லாரிக்காரங்க, எல்லாரும் உன் பேச்சுக்குத்தான் உட்காருவாங்க. நான் 'சித்துங் அக்கா தங்கச்சி'. அவர் ஒருத்தர்தான் என்னை லெலான்னு கூப்பிட்டார். அதுலதான் விழுந்தேன்.

போர்டை மாத்துறது பெரிய விஷயமில்லை அக்கா. பிள்ளையை என்ன பண்றது? போன வாரம் பள்ளிக்கூடத்துல டீச்சர், உங்க பேர் எப்படி வந்துச்சுன்னு ஒவ்வொருத்தரையும் கேட்டிருக்காங்க. "அப்பா பேர்ல யோ, அம்மா பேர்ல லா"ன்னு இவ எழுந்து நின்னு சத்தமாச் சொல்லிட்டு வந்திருக்கா. எல்லாரும் கை தட்டினாங்களாம். வீட்டுக்கு வந்து எனக்கும் சொல்லிக் காட்டினா. நானும் கை தட்டினேன்.

சித்துங்னு திரும்ப எழுதலை. அது உன்னோடது, உன்கிட்டயே இருக்கட்டும். போன மாசமே புது போர்டு எழுதியாச்சு. பெயின்டர், "என்னம்மா, எதையும் எதோடயும் சேர்க்க வேண்டாமா? ரொம்ப வெறிச்சுன்னு இருக்கே"ன்னு ரெண்டு தடவை கேட்டான். வேண்டாம்னு சொல்லிட்டேன். 'லெலா'ன்னு மட்டும் எழுதியிருக்கு. தலையும் வாலும் முழுசா. காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் போடுறேன். ஆளுங்க வர்றாங்க.

நீ வருத்தப்படாதே. முடிஞ்சா ஒரு தடவை வா. வரலைன்னாலும் எழுது.

லெலா


பாண்டுங்
24 ஏப்ரல் 1994

என் லெலாவுக்கு,

ஸலாம். மாத்திரை போடுறேன். உப்பு இல்லாத சோறு தின்னு நாக்கு செத்துப்போச்சு. நீ சாப்பிடுறியா? அதைத்தான் முதல்ல கேக்கணும்.

உன் கடிதத்தை நாலு பேர் கண்ணுல படாம எடுத்துட்டுப் போய்ப் படிச்சேன். என்னைப் பார்த்து உனக்குப் பொறாமையா? இந்த எண்ணெய் வடியுற மூஞ்சியைப் பார்த்தா? முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, நான் பாதி வருஷமாவது நிம்மதியாத் தூங்கியிருப்பேனே.

உன் போர்டைப் பத்திப் படிச்சதும் மறுபடி வயிறு எரிஞ்சுதுடி. பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா கடை வச்சிருக்கேன், என் பேரை முழுசா எழுதி மாட்டணும்னு எனக்குத் தோணலையே, இவளுக்கு எப்படித் தோணுச்சுன்னு எரிஞ்சுது. அந்த பெயின்டரை நான் வரும்போது நிறுத்தி வை, என் கடைக்கும் ஒண்ணு எழுதணும்.

ஆமா, வர்றேன். கடையை இங்கேயே இருக்கிற ஆசெங் பொண்டாட்டிகிட்ட ஒரு மாசத்துக்கு ஒப்படைச்சிருக்கேன். அவ பொன்னிறமா எடுத்துத் தொலைப்பா, போகட்டும். சுராபாயாவுல கப்பல் ஏறுறேன். அடுத்த மாசம் முதல் வாரம் வந்துடுவேன். யோலாவுக்குச் சிவப்புச் செருப்பு வாங்கியிருக்கேன், கால் அளவு ஆசெங் சொன்னதுதான், சின்னதா இருந்தா அவனை உதை.

துறைமுகத்துக்கு வந்து நிக்காதே. வீட்டிலயே இரு. நானே விசாரிச்சு வந்துக்கிறேன்.

அந்தப் பாழாப்போன சந்தோஷம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கு லெலா. துடைக்கத் துடைக்க அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. கப்பல் அங்கே வந்து சேர ரெண்டு மூணு நாள் ஆகுமாம். அதுக்குள்ள தீர்ந்துடும்.

உன் அக்கா,
கோகோம்